மடியில் ஏறிய சார்ஜ்

எங்கள் தெருவில் இருபத்தேழு வீடு, இருபத்தேழு வீட்டிலும் சுவரில் பிளக் உண்டு, பிளக்கில் கரண்ட் உண்டு, ஆனாலும் என் மகன் ரெமியின் கேம் பெட்டி அந்தக் கரண்ட் எதையும் சீண்டாமல் நாலு மாதம் கிடந்துவிட்டு, அக்டோபர் முதல் வியாழக்கிழமை சாயங்காலம், ஒயர் எதுவும் இல்லாமல், என் மடியில் இருந்தபடியே மூன்று சதவீதம் சார்ஜ் ஏறியது. அது ஏறின கதைக்கு முன்னால் அது செத்த கதையைச் சொல்ல வேண்டும். அதில் என் கை இருக்கிறது.

கேம் பெட்டி என்று நான்தான் சொல்கிறேன். அவனைக் கேட்டால் அது முழுக் கம்ப்யூட்டர் என்பான். ஜெபப் புத்தகத்தை இரண்டாக விரித்துப் பிடித்த அகலம் இருக்கும், நடுவில் திரை, இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலுக்கு ஒவ்வொரு குமிழ். முதல் சம்பளத்தில் வாங்கினான். சென்னையில் அந்த வேலை போனபிறகு வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எட்டு மாதம் அதோடு இருந்தான். சாப்பாட்டுக்கு வெளியே வருவான், கேட்டதற்கு "ம்" என்பான், தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போவான். கோயில் பக்கமே வரவில்லை. அவன் அப்பா இறந்து நாலு வருஷம், அக்கா லிசி கல்யாணமாகிக் கோயம்புத்தூரில், வீட்டில் நானும் அந்தச் சாத்தின கதவும்தான். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஜெபமாலை சொல்வேன், உள்ளே டக் டக்கென்று குமிழ் சத்தம் கேட்கும், அவனும் உருட்டுகிறான் நானும் உருட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஈஸ்டர் ராத்திரிப் பூசையில் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பெட்டியின் முதுகில் காற்றுப் போகச் சின்னச் சின்னத் துவாரங்கள் இருந்தன. மேலே தெளித்தால் மேலே இருப்பதுதான் போகும், உள்ளே இருப்பது போகாது என்று, பாட்டில் மூடியில் ஒரு மூடி அளந்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே என்று மூன்று தரமாக அந்தத் துவாரத்தில் ஊற்றினேன். பெட்டி "உஸ்" என்றது. பிசாசுதான் போகிறது என்று ஆமென் சொன்னேன்.

ரெமி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். பட்டனை அமுக்கினான், வரவில்லை. வேறு ஒயர் போட்டான், வேறு பிளக்கில் போட்டான், அறுபத்தைந்து வாட் சார்ஜர் என்று ஒன்றைக் கடன் வாங்கிவந்து போட்டான், ஒரு பட்டனோடு இன்னொரு பட்டனைச் சேர்த்து முப்பது செகண்ட் அமுக்கிப் பிடித்தான். வரவில்லை. இனி என் மகன் எங்களிடம் திரும்புவான் என்று நான் காத்திருந்தேன். அவன் சுவரின் பக்கம் திரும்பினான். ஒரு மாதம், கதவு திறந்தே கிடக்க, வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

ஒரு நாள் மட்டும், காபியை வைத்தபோது, தானாகச் சொன்னான். "ஒரு மலைம்மா. பனிமலை. ஒரே ஆளு, கயிறு கட்டி ஏறணும். எட்டு மாசமா ஏறினேன். இன்னும் ஒரு ஏத்தம்தான் இருந்துச்சு." காபியைக் குடித்துவிட்டு, "அந்த எட்டு மாசத்துல நான் செஞ்சது அது ஒண்ணுதான்" என்றான்.

நான்தான் ஊற்றினேன் என்று சொல்லாமல் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சொன்னால் என்னையும் விட்டுவிடுவான், நான் ஊற்றின தீர்த்தத்துக்கு உரியவரையும் விட்டுவிடுவான் என்று பயந்தேன். ஜூலையில் அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. பெட்டியை என்னிடம் கொடுத்து, மீரான் கடையில் காட்டச் சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிஷம் போனில் பேசுவான், அவ்வளவுதான்.

மீரான் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிற தம்பி. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி கிண்ணி போச்சாம்மா?" என்று கேட்டார். "தண்ணி ஒண்ணும் போகல தம்பி" என்றேன். நான் ஊற்றியது தீர்த்தம், தண்ணீர் இல்லை, அதனால் இது பொய்யாகாது என்று வீடுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீடு வந்தபோது அது பொய்யாகத்தான் இருந்தது.

"சார்ஜ் போடுற எடம் நல்லா இருக்கு, பேட்டரி நல்லா இருக்கு, போர்டு நல்லா இருக்கு. ஏத்திக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். மனுசனா இருந்தா உண்ணாவிரதம்னு சொல்லலாம்" என்றார் மீரான்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். முதல் வெள்ளிக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பங்குச் சாமியார் இக்னேஷியஸ் ஃபாதர் தட்டிக்கு அந்தப் பக்கம் எவ்வளவு ஊற்றினேன் என்று இன்னொரு தரம் கேட்டார். பிறகு, "லேசாத் தெளிச்சிருக்கக் கூடாதாம்மா" என்றார். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லணும், மகனிடம் உண்மையைச் சொல்லணும் என்றார்.

முதல் பாதியை அன்று சாயங்காலமே செய்தேன். பெட்டியை மடியில் வைத்து முந்தானையால் தூசு துடைத்துக்கொண்டே மூன்றையும் சொல்லிவிட்டு, கை போன போக்கில் பட்டனை அமுக்கினேன். திரை எரிந்தது. மூலையில் மூன்று சதவீதம் என்று காட்டியது.

இன்னொன்று சொன்னேன், நாலு. அப்படியே தொடர்ந்து ஜெபமாலையின் மிச்ச மணிகளையும் சொல்லி முடித்தேன், ஐம்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை ரெமி கூப்பிட்டபோது, "சார்ஜ் ஏறுதுய்யா" என்றேன்.

"எந்தச் சார்ஜர்லம்மா?"

"சார்ஜர் இல்ல. ஜெபமாலை."

"போன மீரான்ட்ட குடு."

கடைவரை நடந்து போய்க் கொடுத்தேன். முந்தின நாளே அங்கே மடியில் வைத்துச் சொல்லிக் காட்டியிருந்தேன். மீரான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "ஆமா ரெமி, நானும் பார்த்தேன். ஒண்ணுக்கு ஒரு பெர்சென்ட் ஏறுது. சூடாகல, பேட்டரிக்கு நல்ல சார்ஜிங்தான். நம்ம கடையில செய்ய முடியாது, எனக்கு அந்த ஜெபம் தெரியாது." ரெமி, "சரி, கேம் ஓப்பன் ஆகுதா பாக்கச் சொல்லுங்க" என்றான்.

கேம் திறக்கவில்லை. பனிமலைப் படம் வரும், காற்று ஊதும், பிறகு ஒரு கட்டம் வந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். எங்கள் அன்பியத் தலைவி பிலோமினா டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "இந்த விளையாட்டைத் திறக்கக் குறைந்தது ஐம்பத்து நாலு சதவீதம் வேண்டும்னு போட்டிருக்கு சலேத்து" என்று என்னிடம் சொன்னாள். அப்படி ஒரு செய்தியே எந்தக் கேமிலும் கிடையாது என்று ரெமி போனில் சத்தம் போட்டான். ஃபைல்களைச் சரிபார்க்கச் சொன்னான், அப்டேட் போடச் சொன்னான், அணைத்துப் போடச் சொன்னான். மீரான் அத்தனையும் செய்தார். மறுபடியும் ஐம்பத்து நாலு கேட்டது. ஜெபமாலையில் அருள் நிறைந்த மரியே சொல்கிற மணி ஐம்பத்து மூன்றுதான். முழு ஜெபமாலைக்கு மேல் நூறு தரம் சொன்னாலும் அது ஏறாது, தீர்ந்துபோன பிறகு முதலிலிருந்துதான் ஏறும்.

அன்பியம் என்பது வாரம் ஒரு வீடாகக் கூடி ஜெபிக்கிற எங்கள் தெருக்கூட்டம். அந்த வாரத்திலிருந்து மாதா சுரூபம் எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்குப் பெட்டியும் போனது. மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி, மெழுகுதிரிக்குப் பக்கத்தில் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் பெட்டி. இதை யாரும் முடிவு செய்யவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. யார் மடியில் இருக்கிறதோ அவருடைய ஜெபம்தான் ஏறும், மற்றவர்கள் சொல்வது ஏறாது, மடி மாறினால் எண் சைபரிலிருந்து தொடங்கும் என்று இரண்டாம் வாரமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

தலைவி என்ற முறையில் டீச்சர்தான் முதலில் மடியில் வாங்கினாள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஜெபம் நடத்தினவள், ஐம்பத்து மூன்று மணியையும் ஒன்பது நிமிஷத்தில் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டாள். எண் நாலில் நின்றது.

"மெஷின் கோளாறு" என்றாள் டீச்சர்.

மீரானைக் கூப்பிட்டு அனுப்பினோம். பேட்டரி காட்டும் எண் சில சமயம் தப்பாகும், ஒரு தடவை முழுக்கத் தீரவிட்டு மறுபடி ஏற்றினால் சரியாகும் என்றார். தீரவிட்டோம். டீச்சர் மறுபடி மடியில் வைத்து மறுபடி ஒன்பது நிமிஷத்தில் முடித்தாள். எண் மூன்றில் நின்றது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கஸ்பார், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பகலிலேயே போட்டிருந்தார். "இங்க குடுங்க மைனி, நாம ஒரு கை பார்ப்போம்" என்று படியிலேயே உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது. அவர் பத்து சொன்னார், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விட்டு, வானத்தைப் பார்த்து. பதினொன்றாவதில் சொல் மறந்துவிட்டது, நிறுத்திக்கொண்டார். எண் பத்தில் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. "எப்படிய்யா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணொண்ணாச் சொன்னேன். வேற என்ன செய்ய?" என்றார் கஸ்பார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தெருவில் பத்து என்றே பேர் வந்தது, மரியாதையாகத்தான், பத்தண்ணன் என்று. டீச்சர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. சம்பந்தம் பேச வந்த ஒரு வீட்டார் பையனை ஓரமாக அழைத்துப்போய் மடியில் பெட்டியை வைத்தார்கள், பையன் இருபத்தாறு ஏற்றினான், ஜாதகம் பார்க்கிற வழக்கம் எங்களில் இல்லாததால் இது வசதியாக இருந்தது. மாமியார் மருமகள் சண்டையில் "நீ ஒரு ஆறு, நீ பேசாத" என்று கேட்டது. இருபது நிமிஷத்தில் முடிந்துகொண்டிருந்த எங்கள் ஜெபம் ஒரு மணி பத்து நிமிஷமானது, ஏனென்றால் எல்லாரும் மெதுவாகச் சொன்னார்கள், சுண்டல் ஆறிப்போனது, ஆறின சுண்டலை யாரும் குறை சொல்லவில்லை. முழு ஐம்பத்து மூன்றும் ஏற்றினவள் ஒருத்திதான், கடைசி வீட்டு ரஞ்சிதம், அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு கிடந்த மூன்றாம் நாள். அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். அதற்கடுத்த வாரம் ரஞ்சிதம் பத்தொன்பது.

விஷயம் ஃபாதருக்குப் போனது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை பெட்டியை வாங்கிக்கொண்டு போனார், திங்கட்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு ஒரு துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். எண் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் முப்பத்தைந்து நிமிஷம் போகிற பிரசங்கம் ஆறு நிமிஷத்தில் முடிந்தது, அப்பத்தை உயர்த்தின கையை அவர் இறக்க வெகுநேரமானதால் பூசைப் பையன்கள் மணியை இரண்டு தடவை அடித்தார்கள். கோயிலுக்குள் அந்தப் பெட்டியைக் கொண்டுவரக் கூடாது என்று மட்டும் அறிவித்தார்.

ஒரு மத்தியானம் டீச்சர் தனியாக வந்தாள். "எங்க அது?" என்றாள். கொடுத்தேன். நாற்பது நிமிஷம் ஆனது. முப்பத்தொன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"யாருக்காகச் சொன்னீங்க?" என்றேன்.

"மருமவளுக்கு. பேரைச் சொல்லிச் சொன்னேன். யார்ட்டயும் சொல்லாத சலேத்து." இன்றுவரை சொல்லவில்லை.

எனக்கு மட்டும் எப்போதும் ஐம்பத்திரண்டு. முழங்காலில் இருந்து சொன்னேன், வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருந்து சொன்னேன், ஒவ்வொரு மணியையும் வேர்க்கடலை உரிப்பதுபோல் பிரித்துச் சொன்னேன். ஐம்பத்து மூன்றாவது மணியைத் தொடும்போது எண் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். உனக்குத்தான் இது நன்றாக வருகிறது என்று தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்வார்கள். நற்கருணை கொடுக்கும்போது ஃபாதர் என் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பார். குறைகிற மணி எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

புது வருஷம் கழிந்து ரெமி போன் செய்தான். போலந்தில் வேலை கிடைத்திருக்கிறது, குறைந்தது மூன்று வருஷம், சனிக்கிழமை காலை வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் கிளம்பவேண்டும் என்றான். "சரி ஆகலேன்னாலும் பரவாயில்லம்மா. எடுத்துட்டுப் போறேன். அதத் தூக்கிப் போட மனசில்ல."

சனிக்கிழமை வந்தான். மெலிந்திருந்தான். பாறை மீன் குழம்பு வைத்திருந்தேன், இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். டீச்சரும் பத்தண்ணனும் மீரானும் வழியனுப்ப வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட்ட கையோடு ரெமி தரையில் செய்தித்தாளை விரித்து, சின்னத் திருப்புளியால் பெட்டியின் முதுகைக் கழற்றினான். திருகாணி ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்தான். உள்ளே, பச்சைத் தகட்டின்மேல், ஒரு வெள்ளைத் தடம் மூன்று கிளையாக ஓடிக் காய்ந்திருந்தது. நான் ஊற்றின மூன்று தரம்.

"தண்ணி போயிருக்கு" என்றான்.

மீரான் எட்டிப் பார்த்தார். "என் கண்ணுக்கு அன்னிக்கு இது தெரியலையே" என்றார்.

"மழைல ஒழுகிச்சாம்மா?" என்று கேட்டான் ரெமி.

"ஒழுகத்தான் செஞ்சிது. ஆனி மழைல இந்த வீடு முழுக்க ஒழுக்கு" என்றாள் டீச்சர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்காக. வாழ்நாளில் பொய்யே சொல்லாதவள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும், சாயங்கால ரயிலுக்கு அவன் சிரித்த முகத்தோடு போயிருப்பான்.

"ஒழுகலய்யா. நான் ஊத்துனேன்" என்றேன்.

"என்னத்த?"

"தீர்த்தம்."

"எவ்வளவு?"

"ஒரு மூடி."

"எப்போ?"

"நீ குளிக்கப் போனப்போ. ஜூன்ல."

ரெமி திருகாணிகளை எண்ணினான், மறுபடி எண்ணினான். "ஒரு மாசம் செவத்தப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். அப்பவும் உனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும்."

அவன் முதுகை மூடித் திருகினான். ஒவ்வொரு திருகாணியையும் கடைசிவரை இறுக்கினான். முடித்ததும் பெட்டியை நான் வாங்கி மடியில் வைத்து, அத்தனை பேர் முன்னாலும், ஐம்பத்து மூன்று மணியும் சொன்னேன். பரிகாரத்தின் மறுபாதியும் முடிந்தது ஆண்டவரே, இனி என்ன என்று கடைசி மணியைத் தொட்டேன். ஐம்பத்திரண்டு.

ரெமி அதைப் பார்த்தான். எடுத்துப் பைக்குள் வைத்தான். "ஸ்டேஷனுக்கு வரவேண்டாம்" என்றான். வாசலில் நெற்றியில் சிலுவை போடக் கை நீட்டினேன், அவன் ஷூ கயிறு கட்டக் குனிந்தான், கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. குனிந்த தலையில் போட்டேனா காற்றில் போட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. பத்தண்ணன் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று அவர் குடிக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. அன்பியத்தில் தாம்பாளத்தை மட்டும் வைத்தோம், பெட்டி இருந்த இடத்தைச் சுற்றிப் பூ வைத்தோம். ஜெபம் இன்னும் ஒரு மணி பத்து நிமிஷம்தான், பழகிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "அருள் நிறைந்த மரியேல 'உம்முடனே'க்கு அப்புறம் என்னம்மா வரும்?" என்றான். சொன்னேன். வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு, "ஏழு" என்றான். அதற்கடுத்து, "பன்னெண்டு." ஒரு வாரம் இரண்டுதான். வேலை அதிகம்போல, அசதி என்று புரிந்துகொண்டேன். ஒரு வாரம் சைபர் என்றான், அன்று அவன் யாரோடோ சண்டை போட்டிருக்கிறான் என்று டீச்சர் சொன்னாள், அவளுக்கு அந்த அனுபவம் உண்டு. ஜெபிக்கிறாயா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சார்ஜ் எவ்வளவு என்று மட்டும் கேட்பேன், எண்ணைச் சொல்வான், அந்த எண்ணில் அவன் சாப்பிட்டானா தூங்கினானா எல்லாம் எனக்கு வந்துவிடும்.

தவக்காலத்து நாலாம் ஞாயிறு, பூசை முடிந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது.

"அம்மா."

"சொல்லுய்யா."

"ஐம்பத்து நாலு."

கட்டிலில் உட்கார்ந்தேன். ஜெபமாலையைக் கையில் எடுத்து எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்து மூன்றுதான் இருந்தது, அது கூடவும் இல்லை குறையவும் இல்லை. எனக்கு எப்போதும் ஒன்று குறைந்தது, அவனுக்கு இன்று ஒன்று கூடியிருக்கிறது. இதை நான் தெருவில் சொல்லவில்லை. டீச்சருக்குக் கணக்கு நன்றாக வரும், அவளே கூட்டிப் பார்த்துக்கொள்வாள்.

"கேம் திறந்துச்சாய்யா?"

"திறந்துச்சு."

"அந்தக் கடைசி ஏத்தம்?"

"ஏறிட்டிருக்கேன். நீ வைக்காத. பேசாம இரு."

நான் பேசாமல் இருந்தேன். இரண்டு நிமிஷம் போனது, பத்து நிமிஷம் போனது. அந்தப் பக்கம் பனிக்காற்று ஊதியது, டக் டக்கென்று குமிழ் சத்தம் கேட்டது. முன்பு சாத்தின கதவுக்கு வெளியே இருந்து கேட்ட அதே சத்தம், இப்போது காதுக்குள்ளேயே கேட்டது. நானும் மணியை உருட்டிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்துக்கு மேலானபோது, "கையெல்லாம் வெறைக்குதும்மா" என்றான். மெதுவாகப் போ என்றேன்.

என் போன் கீச்சென்றது, பார்த்தால் சார்ஜ் நாலு சதவீதம். காதிலிருந்து எடுக்காமலே எழுந்துபோய் ஒயரைச் சுவரில் சொருகினேன். அது வழக்கம்போல ஏறியது.